அடுப்பேறாத கஞ்சியின் கதை

மக்களே, இன்னிக்கு ஒரு கஞ்சியைப் பத்தின பதிவு. நம்ம கேழ்வரகுக் கூழோ கம்பங்கூழோ இல்லை. ராத்திரி பச்சை பக்வீட்டைத் தண்ணியில் ஊறப் போட்டு, காலையில் அலசி, வாழைப்பழமோ ஆப்பிளோ சேர்த்து மிக்ஸியில் ஒரு சுத்து சுத்தி, அடுப்பே பத்த வைக்காம சாப்பிடுற கஞ்சி. மேல்நாட்டில் 'சமைக்காத உணவு' சாப்பிடுறவங்ககிட்ட இது ரொம்ப பிரபலமான காலை டிபன். பார்க்க சிம்பிளான சமாச்சாரம்தான். ஆனா இந்த ஒரு கிண்ணத்துக்குள்ள சீனா, ரஷ்யா, சுவிட்சர்லாந்து, அமெரிக்கான்னு நாலு நாட்டு வரலாறு கலந்து கிடக்கு. கூடவே ஒரு கோர்ட் கேஸும் இருக்கு.

முதலில் தானியம்

பேரில் 'வீட்' இருக்கே தவிர, பக்வீட்டுக்கும் கோதுமைக்கும் எந்த உறவும் கிடையாது. கோதுமை, நெல், கம்பு எல்லாம் புல் வகை. பக்வீட் புல்லே இல்லை. ருபார்ப் செடியோட சொந்தக்காரன். வட இந்தியாவில் நவராத்திரி விரதத்துக்கு அரிசி, கோதுமையை ஒதுக்கிட்டு 'குட்டு' மாவில் பூரி சுடுவாங்களே, அந்தக் குட்டு இதுதான். தானியம் இல்லாத தானியம்னு அவங்க எப்பவோ கண்டுபிடிச்சுட்டாங்க :-)

இதோட பூர்வீகம் தென்மேற்குச் சீனா. ஜப்பானிய ஆராய்ச்சியாளர் ஓமி ஓனிஷி, பக்வீட்டோட காட்டு மூதாதையை 1990 வாக்கில் யுன்னான் பகுதி மலைகளில் கண்டுபிடிச்சார். அங்கிருந்து ஒரு பக்கம் ஜப்பானுக்குப் போய் 'சோபா' நூடுல்ஸ் ஆச்சு. இன்னொரு பக்கம் மேற்கே நடந்து மத்திய காலத்தின் பிற்பகுதியில் ஐரோப்பா முழுக்கப் பரவிச்சு. போன இடத்திலெல்லாம் ஒரு பேர். ரஷ்யாவில் 'கிரேச்சிகா', அதாவது கிரேக்கச் சரக்கு. பிரான்சில் 'சராசின்', அதாவது அரபிச் சரக்கு. டச்சுக்காரங்க மட்டும் விதையோட மூணு மூலை வடிவத்தைப் பார்த்து 'பீச் மரக் கோதுமை'ன்னு வெச்சாங்க. அந்த டச்சுப் பேர்தான் இங்கிலீஷில் பக்வீட் ஆச்சு. சொந்த ஊர் சீனான்னு ஒரு பேரிலும் இல்லை பாருங்க!

எங்கே போனாலும் இது ஏழைகளோட பயிர்தான். மண் மட்டமா இருந்தாலும் வளரும், உரம் கேட்காது, விதைச்ச பத்துப் பன்னிரண்டு வாரத்தில் அறுவடை. பிரான்சின் பிரிட்டனி பகுதியில் கோதுமை ரொட்டிக்கு வழியில்லாத விவசாயிங்க இதை அரைச்சு தோசை மாதிரி ஊத்தினாங்க. இன்னிக்கு 'கலெத்'னு ரெஸ்டாரண்ட்டில் நல்ல காசுக்கு விக்கிறது அதே தோசைதான். ரஷ்யாவில் வறுத்த பக்வீட்டை அடுப்புக்குள்ள வெச்சு மெதுவா வேகவிட்டு 'காஷா' பண்ணாங்க. சோவியத் காலத்துத் தட்டுப்பாட்டில் சர்க்கரை நோயாளின்னு டாக்டர் சீட்டு காட்டினாத்தான் பக்வீட் கிடைக்கும்ங்கிற நிலைமையும் வந்துச்சு. இந்தச் சர்க்கரை நோய் விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில் திரும்ப வரும்.

அப்புறம் ஏன் காணாமப் போச்சு? அமெரிக்கக் கணக்கைப் பாருங்க. 1918-ல் பத்து லட்சம் ஏக்கருக்கு மேல பக்வீட் அறுவடை ஆச்சு. 1964-ல் வெறும் 50,000 ஏக்கர். காரணம் ரசாயன உரம். கோதுமையும் சோளமும் நைட்ரஜனைக் கொட்டினா விளைச்சலை அள்ளிக் கொடுக்கும். பக்வீட்டுக்குக் கொட்டினா தழை தழைன்னு வளர்ந்து சாஞ்சிடும். போதாக்குறைக்கு இதில் ரெண்டு விதமான பூ உண்டு. ஒரு விதப் பூவுக்கு இன்னொரு விதப் பூவோட மகரந்தம்தான் வேணும். தேனீ வரலைன்னா விதை இல்லை. பூக்கிறதிலும் கொஞ்சம்தான் மணியாகும். பசிக்குச் சோறு போட்ட பயிர், ஏக்கருக்கு எவ்வளவுங்கிற பந்தயத்தில் தோத்துப் போச்சு.

அடுத்தது பழமும் ஊறவைக்கிறதும்

இந்தக் கதை நடக்கிறது ஜூரிக் நகரத்தில். நாயகன் டாக்டர் மாக்சிமிலியன் பிர்ஷர்-பென்னர் (1867–1939). தனக்கு மஞ்சள் காமாலை வந்தப்போ ஆப்பிள் தின்னு தேறினார்னு சொல்வாங்க. 1897-ல் ஜூரிக்கில் சின்னதா ஒரு மருத்துவமனை. 1904-ல் நகரத்துக்கு மேலே மலைச்சரிவில் 'உயிர்ச் சக்தி'ங்கிற பேரில் பெரிய சானட்டோரியம். விடியக்காலை நடை, குளிர்ந்த தண்ணிக் குளியல், சீக்கிரம் தூக்கம், சமைக்காத சாப்பாடுன்னு ஹாஸ்டல் வார்டன் ரேஞ்சுக்குக் கெடுபிடி. 1909-ல் எழுத்தாளர் தாமஸ் மான் அங்கே தங்கினார். அந்த இடத்தை அவர் ஜெயிலோட ஒப்பிட்டது ரொம்பப் பிரசித்தம்.

அங்கே நோயாளிகளுக்குக் கொடுத்ததுதான் இன்னிக்கு உலகம் முழுக்கத் தெரிஞ்ச ம்யூஸ்லி. ஆனா ஒரிஜினல் செய்முறையைப் பார்த்தா ஆச்சரியமா இருக்கும். ஒரு ஆளுக்கு ஒரே ஒரு மேசைக்கரண்டி ஓட்ஸ், பன்னிரண்டு மணி நேரம் ஊறணும். அதில் எலுமிச்சைச் சாறு, டின்னில் வர்ற கண்டென்ஸ்டு மில்க், தோலோடும் விதையோடும் துருவின ஆப்பிள், பொடிச்ச கொட்டைகள். அதாவது, இது பழம் போட்ட தானியக் கஞ்சி இல்லை. கொஞ்சூண்டு தானியம் தூவின பழம். அவர் வெச்ச பேரே 'ஆப்பிள் பத்திய உணவு'தான். இன்னிக்குக் கடைப் பாக்கெட்டில் முக்கால்வாசி தானியமும் ஓரத்தில் நாலு திராட்சையும் இருக்கிறதைப் பார்த்தா மனுஷன் அழுதிருப்பார்.

'இயற்கை உணவு டாக்டர் டின் பால் போட்டாரா?'ன்னு கேட்பீங்க. அந்தக் காலத்தில் பச்சைப் பால்ல காசநோய்க் கிருமி இருக்கும். டின் பால் பாதுகாப்பு. கொள்கை பெரிசுதான், ஆனா நோயாளி உயிர் அதைவிடப் பெரிசுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. இந்த இடத்தில் எனக்கு அவர் மேல மரியாதை கூடுது.

சரி, அவர் கொள்கை என்ன? செடிகள் சூரிய ஒளியைச் சேமிக்குது, சமைச்சா அந்தச் சக்தி குறையும், மாமிசத்தில் ரொம்பக் குறைவுன்னு 1900-ல் ஜூரிக் டாக்டர்கள் சங்கத்தில் பேசினார். சக டாக்டர்கள் ஏத்துக்கலை. இஞ்சினியரிங்கில் தெர்மோடைனமிக்ஸை அரியர் வெச்சு பாஸ் பண்ணவன்கூட இதில் இருக்கிற ஓட்டையைச் சொல்லிடுவான். சூரிய ஒளி மாவுச்சத்தா மாறி உக்காந்த பிறகு, வேகவைச்சா அது ஓடிப் போகாது. சொல்லப்போனா வெந்த மாவுச்சத்துதான் சுலபமா ஜீரணமாகி உடம்புக்கு அதிகச் சக்தி தரும்.

ஆனா வரலாறு இங்கே ஒரு ட்விஸ்ட் வைக்குது. 1912-ல் காசிமிர் ஃபங்க் 'வைட்டமின்'ங்கிற வார்த்தையை உருவாக்கினார். பழத்தில் இருக்கிற வைட்டமின் சி சூட்டில் அழியும்னு தெரிய வந்துச்சு. 1933-ல் அந்த வைட்டமின் சி-யை ஆய்வகத்தில் செயற்கையா தயாரிச்சவர் டாடியஸ் ரைக்ஸ்டைன். எங்கே? அதே ஜூரிக்கில்! பச்சைப் பழம் நல்லதுன்னு பிர்ஷர் சொன்னது சரி. அதுக்குச் சொன்ன காரணம் தப்பு. விடை சரி, ஸ்டெப்ஸ் தப்பு. நம்ம யூனிவர்சிட்டியில் அதுக்கு மார்க் கிடைக்காது, ஜூரிக்கில் கிடைச்சுடுச்சு :-)

கடைசியா அமெரிக்கா

லிதுவேனியாவில் 1909-ல் பிறந்து அமெரிக்காவில் குடியேறின ஆன் விக்மோர் பாஸ்டனில் ஒரு நிலையம் நடத்தினார். கோதுமைப்புல் சாறு, முளைவிட்ட விதைகள், பக்வீட் இளங்கீரை எல்லாம் பிரபலமானதில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு. வறுத்த பக்வீட் முளைக்காது. அதனால வறுக்காத பச்சை மணிக்கு இந்தக் கூட்டத்தில் மவுசு. தமிழில் பச்சைன்னா நிறமும் அதுதான், சமைக்காததும் அதுதான். இந்த மணிக்கு ரெண்டுமே பொருந்துது.

இத்தோட நிறுத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். தன்னோட முறையால சர்க்கரை நோயாளிகளுக்கு இன்சுலின் தேவை குறையும், இல்லாமலே போகலாம்னு சொன்னதுக்காக 1982-ல் மாசசூசெட்ஸ் அட்டர்னி ஜெனரல் அவர் மேல வழக்குப் போட்டார். விக்மோர் தோத்து, அப்படிச் சொல்றதைக் கைவிட்டார். 1988-ல் திரும்பவும் வழக்கு. இந்தத் தடவை ஒரு சூப் எய்ட்ஸைக் குணப்படுத்தும்னு சொன்னதுக்கு.

இது சிரிச்சுட்டுக் கடந்து போற விஷயம் இல்லை. 1922-ல் முதல் தடவையா மனுஷனுக்கு இன்சுலின் போடறதுக்கு முன்னாடி டைப்-1 சர்க்கரை நோய் வந்த குழந்தை பிழைக்காது. பட்டினி போட்டுக் கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம், அவ்வளவுதான். அந்த ஊசியை நிறுத்தினா இன்னிக்கும் அதே கதிதான். சோவியத் நாட்டில் பக்வீட்டை நோயாளிக்குச் சாப்பாடாத்தான் கொடுத்தாங்க, மருந்துக்குப் பதிலா இல்லை. சாப்பாடு எங்கே முடியுது, மருந்து எங்கே ஆரம்பிக்குதுங்கிற கோடு ரொம்ப முக்கியம். 'இயற்கை உணவால் இன்சுலினை விட்டேன்'னு நமக்கு வர்ற ஃபார்வர்டுகளில் அழிஞ்சு கிடக்கிறதும் அதே கோடுதான்.

கஞ்சி மேல எந்தத் தப்பும் இல்லைங்க. அரை கப் பச்சை பக்வீட், ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் கொழகொழன்னு ஒரு திரவம் வரும். பயப்பட வேண்டாம். ரெண்டு மூணு தடவை அலசினா போயிடும். ஒரு வாழைப்பழம், ஒரு ஆப்பிள், எலுமிச்சை ரெண்டு சொட்டு சேர்த்து அரைச்சுக்கலாம். குளூட்டன் இல்லாததால கோதுமை ஒத்துக்காதவங்களும் சாப்பிடலாம். ஒரே எச்சரிக்கை: சிலருக்கு பக்வீட் அலர்ஜி கடுமையா வரும். ஜப்பானில் பாக்கெட் உணவில் பக்வீட் இருந்தா லேபிளில் சொல்லணும்னு சட்டமே இருக்கு. அதனால முதல் தடவை கொஞ்சமா ஆரம்பிங்க.

யுன்னான் மலைவாசியும் பிரிட்டனி விவசாயியும் இதைச் சாப்பிட்டது எந்த நோயும் குணமாகணும்னு இல்லை, பசிச்சதால. நாமளும் அதே காரணத்துக்காகச் சாப்பிடலாமே.

குட்டு, சோபா, காஷான்னு வேற ஊர்களில் இதைச் சாப்பிட்டுப் பார்த்தவங்க பின்னூட்டத்தில் சொல்லுங்க.