லயத்து விளக்கும் விழித்திருத்தலும்

விழித்திருத்தல் என்னும் சொல்லுக்குக் கிறிஸ்தவ சமயத்தில் தனிப்பொருள் உண்டு. கண்ணுறக்கம் நீங்கியிருப்பது மட்டும் அன்று. அன்றாடத் தொழிலின் நடுவே மனம் மயங்காதிருத்தலே அதன் கருத்தாகும். எண்ணெயுடன் மணவாளனுக்குக் காத்திருந்த கன்னியரின் உவமையும், கெத்செமனே தோட்டத்தில் உறங்கிவிட்ட சீடரின் நிகழ்ச்சியும் இதனையே புலப்படுத்துகின்றன. மடாலயங்களில் இக்கருத்து வளர்ந்த வரலாற்றைப் பலர் எழுதியுள்ளனர். இலங்கைத் தோட்டங்களின் லயங்களில் அது வாழ்ந்த வரலாறோ அத்துணை அறியப்பட்டதன்று.

1854ஆம் ஆண்டில் கண்டியை நடுவிடமாகக் கொண்டு, சர்ச் மிஷனரி சங்கத்தின் சார்பில் ‘தமிழ்க் கூலி மிஷன்’ தோன்றியது. கோப்பித் தோட்டத் துரைமார் பொருளுதவி செய்தனர். திருநெல்வேலிச் சீமையில் பணியாற்றிய செப்டிமஸ் ஹாப்ஸ் போதகர் தலைமை ஏற்றார். திருநெல்வேலித் திருச்சபையிலிருந்து உபதேசிமாரும் வந்து சேர்ந்தனர். பெயரிலிருந்த ‘கூலி’ என்னும் சொல் பின்னாளில் நீங்கிற்று. 1869இல் கோப்பிச் செடியை நோய் பற்றியது. அதன்பின் தேயிலையும் இறப்பரும் களனிப் பள்ளத்தாக்கு, கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளிற் பரவின. தமிழ்த் தொழிலாளரும் அவ்வழியே பரவினர். கத்தோலிக்கருக்கு 1893இல் அமைந்த காலி மறைமாவட்டம் சப்பிரகமுவ மாகாணத்தையும் தன்னுள் அடக்கியது. பெல்ஜிய இயேசு சபைக் குருமார் அதன் பொறுப்பை ஏற்றனர். இரத்தினபுரி தனி மறைமாவட்டமாயது 1995இல்.

சிற்றூர்த் திருச்சபைக்கும் தோட்டத்துத் திருச்சபைக்கும் பெரும் வேறுபாடு உண்டு. திருநெல்வேலிக் கிறிஸ்தவச் சிற்றூரில் ஆலயமணி ஒலித்தால் ஊரே கூடும். தோட்டத்திலோ கிறிஸ்தவக் குடும்பங்கள் மலைக்கு ஒன்றாய்ச் சிதறிக் கிடந்தன. போதகரோ குருவானவரோ என்றும் அருகில் இருத்தல் இயலாது. ஆகவே விழிப்பு என்னும் கடமை குடும்பத்தின் தலைமேல் ஏறியது. பத்தடி அறையில் ஏற்றிய விளக்கே ஆலய விளக்காயிற்று. அங்குச் செய்த மாலை ஜெபமும், கத்தோலிக்கர் சொல்லிய செபமாலையும் வேறெவரும் காணாதவை. ஆதலின் அவை தவறினாலும் கேட்பாரில்லை. யாரும் பாராதபோது நிற்கும் பக்தியே விழிப்பின் உரைகல் அன்றோ?

தோட்டத் தொழிலாளிக்கு விழிப்பு புதிய பாடம் அன்று. விடியுமுன் எழும் தப்போசை அவனைப் பெரட்டுக் களத்திற்கு அழைக்கும். இறப்பர்ப் பால் வெயில் ஏறுமுன் நன்கு சுரக்கும் ஆதலின், வெட்டுக்காரன் வைகறையிலேயே மரத்தடியில் நிற்றல் வேண்டும். நாள்தோறும் நூலளவு பட்டையையே சீவவேண்டும். கத்தி சற்று ஆழ்ந்தால் மரம் காயப்படும். மேலோடினால் பால் வாராது. பெருமுயற்சி ஒருநாள் செய்து பலநாள் அயர்ந்திருப்பது இத்தொழிலுக்கு ஒவ்வாது. ஆன்மாவைக் காப்பதும் அத்தகையதே.

உழைப்பாளரே இவ்வழக்கத்தைப் பேணிய சான்று பிறநாட்டிலும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கிங்ஸ்வுட் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர், முன்பு மதுக்கடையிற் கழித்த இரவை ஜெபத்திற் கழிக்கத் தலைப்பட்டனர். ஜான் வெஸ்லி அதனை ஏற்று நிலைநாட்டினார். 1814இல் இலங்கைக்கு வந்த மெதடிஸ்த திருச்சபையும் இம்மரபின் வழிவந்ததே. ஆண்டிறுதி இரவில் நிகழும் விழிப்பாராதனையின் வேர்களுள் ஒன்று அச்சுரங்க மக்களிடம் உள்ளது.

எனினும் விழிப்பு தொழிலாளிக்கு மட்டும் உரிய கடமையாகுமோ? கங்காணியிடம் பட்ட கடனைக் குறித்த ‘துண்டு’ என்னும் சீட்டு, தொழிலாளியைத் தோட்டந்தோட்டமாகப் பிணித்தது. அம்முறை 1921இலேதான் ஒழிக்கப்பட்டது. துரைமாரின் பொருளால் நடந்த மிஷன், மதுவைக் குறித்து எளிதாக எச்சரிக்கலாம். துண்டைக் குறித்துப் பேசுவதோ அரிது. உதவி செய்பவர் முகம் பார்த்து ஒருகண் மூடுவதும் உறக்கத்தின் ஒருவகையே. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. ஒரே குடும்பம் இரு கரைகளிற் பிரிந்தது. இந்நிலையில், 1972இல் கண்டியில் ‘சத்யோதய’ நிலையத்தை நிறுவிய இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ், தோட்ட மக்களின் உரிமைக்காக நெடுங்காலம் உழைத்தார். அயலானின் துயரை அறிதலும் விழித்திருத்தலே என்பதை அவருடைய பணி உணர்த்தியது.

தன் உள்ளத்தைக் காத்தல் ஒன்று. அயலானின் பாரத்தைக் காணல் மற்றொன்று. முன்னதை லயத்து மக்கள் போதகரின்றியே கற்றனர். பின்னதைத் திருச்சபை அம்மக்களிடமிருந்தே கற்க நேர்ந்தது. இவ்விரண்டும் சேர்ந்தவிடத்தே விளக்கில் எண்ணெய் குறைவதில்லை.