500 மணி நேரமும் "எங்கன?" என்ற கேள்வியும்

கீழப்பாவூரில் நாங்கள் நடத்தும் மாலைநேரப் படிப்பகத்துக்கு வரும் தங்கை ஒருத்தி டி.பார்ம் இரண்டாம் ஆண்டுத் தேர்வை எழுதி முடித்தாள். அம்மா பீடி சுற்றுகிறவர். தேர்வு எழுதினால் மட்டும் மருந்தாளுநர் ஆகிவிட முடியாது. மருத்துவமனையிலோ மருந்துக் கடையிலோ பயிற்சி எடுத்துச் சான்று வாங்கினால்தான் பட்டயம். பாவூர்சத்திரம், தென்காசி என்று இரண்டு வாரம் அலைந்தாள். ஒரு தனியார் மருத்துவமனையில் பேச்சு நன்றாகவே தொடங்கியது. மதிப்பெண்ணைப் பார்த்தார்கள், திங்கட்கிழமை வரச் சொல்லலாம் என்றார்கள். அப்புறம் மேலாளர் கேட்டார்: "கீழப்பாவூர்ல எங்கன?" தெருப் பெயரைச் சொன்னாள். "சரிம்மா, சொல்லி அனுப்புறோம்." சொல்லி அனுப்பவே இல்லை.

இந்த "எங்கன?" நெல்லைச் சீமையில் வளர்ந்த நம் எல்லோருக்கும் பழக்கமானதுதான். சாதியின் பெயரைச் சொல்லாமலே சாதியைக் கேட்டுவிடுகிற கேள்வி அது. அவளுக்கு இடம் மறுக்கப்பட்டது அதனால்தான் என்று காட்ட எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. ஏன் மறுத்தோம் என்று எழுதித் தர வேண்டிய கட்டாயம் அவர்களுக்கும் இல்லை. இப்படி ஒரு பொறுப்பற்ற இடம் எப்படி உருவானது என்று தேடினோம். தேடிக் கிடைத்ததை இளைய தோழர்களுக்கு எழுதுகிறோம்.

மருந்து கொடுப்பது என்றால் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் பொருள் மாறுவது. தீண்டாமை நிலவும் நாட்டில் இது சாதாரண விஷயம் இல்லை. புரட்சியாளர் அம்பேத்கர் தன் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நினைவுக் குறிப்புகளில், 1929 டிசம்பரில் 'யங் இந்தியா' இதழில் வெளியான ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டுகிறார். எழுதியவர் கத்தியவாரைச் சேர்ந்த தலித் பள்ளி ஆசிரியர். பிரசவமான அவருடைய மனைவிக்கு உடம்பு முடியாமல் போகிறது. சேரிக்குள் வர மருத்துவர் மறுக்கிறார். ஊர்ப் பெரியவர்கள் பேசி, இரண்டு ரூபாய் கட்டணத்துக்கு உறுதியும் சொன்ன பிறகு, சேரிக்கு வெளியே வைத்துத்தான் பார்ப்பேன் என்ற நிபந்தனையோடு வருகிறார். வெப்பமானியை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். அவர் கணவரிடம் கொடுக்கிறார், கணவர் மனைவியிடம் கொடுக்கிறார். அது திரும்பி வந்ததும் அதே வழியில்தான். நிமோனியா என்று சொல்லிவிட்டு மருத்துவர் போனார், மருந்து அனுப்பினார், மறுபடி வந்து பார்க்கவில்லை. அந்தத் தாய் இறந்துபோனார். ஒரு கண்ணாடிக் குழாய் தொடாமல் கைமாற மூன்று பேர் தேவைப்பட்ட காலத்தில், மருந்து மேசைக்குப் பின்னால் நின்று கலந்து கொடுக்கும் வேலைக்கு நம்மவர்கள் எத்தனை பேர் வந்திருக்க முடியும்?

அந்த மேசைக்கு வரும் வழி ஆரம்பத்தில் கல்லூரி வழியாகவே பெரிதும் இல்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் மருந்து வணிகருக்கான படிப்பு 1870களிலேயே வந்துவிட்டது என்றாலும், ஊர்நாட்டில் கம்பவுண்டர் ஆனவர்கள் வேலை பார்த்தே தொழில் பழகினார்கள். டாக்டருக்குத் தெரிந்தவர் வீட்டுப் பையன் வருவான். முதலில் பாட்டில் கழுவுவான், அப்புறம் மிக்சர் கலக்குவான், கொஞ்ச நாளில் ஊசியும் போடுவான். 1948-ல் மருந்தாளுநர் சட்டம் வந்தது. தகுதி இல்லாதவர் கையில் மருந்து போகக் கூடாது என்ற நல்ல நோக்கத்தில் வந்த சட்டம்தான், அதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் முதல் பதிவேட்டில் யாரைச் சேர்ப்பது என்று சொல்லும் 31-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பட்டமோ பட்டயமோ இல்லாவிட்டாலும், மருத்துவமனையிலோ மருந்தகத்திலோ ஐந்து ஆண்டுகள் மருந்து கலந்து கொடுத்த அனுபவம் இருந்தால் பதிவு செய்யலாம். ஏற்கெனவே உள்ளே நின்றவருக்குச் சட்டம் முத்திரை குத்தித் தந்தது. வாசலிலேயே நிறுத்தப்பட்டவருக்கு ஐந்து ஆண்டு அனுபவம் எங்கிருந்து வரும்? பிரிவின் வாசகத்தில் சாதி என்ற சொல் இல்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

கல்லூரி வாசல் நமக்குத் திறந்தது போராட்டத்தால். சென்னை மாகாண வகுப்புவாரி ஆணையில், மருத்துவம், பொறியியல் படிப்புகளில் 14 இடங்களுக்கு 2 இடம் பட்டியல் சாதியினருக்கு என்று இருந்தது. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951-ல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாது என்றது. தமிழ்நாடு கொதித்தெழ, அதே ஆண்டு அரசமைப்பின் முதல் திருத்தம் வந்தது. இன்று தமிழ்நாட்டில் நமக்கு 18 சதவீதம், பழங்குடியினருக்கு 1 சதவீதம். இந்த வரலாற்றை எல்லா மேடையிலும் பேசுகிறோம். கல்லூரியை விட்டு வெளியே வந்து பயிற்சிக்குப் போகும் இடத்தில் அந்த இடஒதுக்கீடு நின்றுபோவதைத்தான் பேசுவதில்லை.

இந்திய பார்மசி கவுன்சிலின் 1991 ஒழுங்குமுறை டி.பார்ம் மாணவருக்கு 500 மணி நேரப் பயிற்சி என்கிறது. மூன்று மாதத்துக்குக் குறையக் கூடாது, அதில் 250 மணி நேரமாவது மருந்துச் சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். 2020-ல் வந்த புதிய ஒழுங்குமுறையும் இந்த 500 மணி நேரத்தை அப்படியே வைத்துக்கொண்டது. 1991 விதிகளோடு ஓர் ஒப்பந்தப் படிவம் உண்டு. அதில் மாணவர், இன்னாரை என் பயிற்சி ஆசானாக ஏற்கிறேன், பயிற்சிக் காலம் முழுக்க அவருக்குக் கீழ்ப்படிந்து மரியாதையாக நடப்பேன் என்று கையெழுத்திட வேண்டும். ஆசான் தன் பங்குக்கு, பதிவேடு பராமரிக்கவும், சீட்டைப் படித்து மருந்தின் அளவைச் சரிபார்க்கவும், மருந்தைப் பாதுகாக்கவும் கற்றுத் தருவதாக ஒப்புக்கொள்வார். இன்னொரு விதியும் உண்டு: ஒரு பதிவுபெற்ற மருந்தாளுநர் இருக்கும் இடத்தில் இரண்டு பேருக்குத்தான் பயிற்சி தரலாம், கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு மருந்தாளுநருக்கும் ஒருவர் மேல். மாணவரைக் கூட்டமாக நிறுத்திவைத்து ஏமாற்றாமல் இருக்க இது நல்ல விதிதான். அதே சமயம் பயிற்சி இடம் அரிதாகிவிடுகிறது. அரிதான எதுவும் நம் ஊரில் யாருக்குப் போகும் என்று தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கீழ்ப்படிதலைக்கூட எழுதி வைத்தவர்கள், அந்த இடத்தை யாருக்கு எந்த முறைப்படி கொடுப்பது என்று எழுதவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க 1961-ன் தொழிற்பழகுநர் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் வரும் தொழில்களில் பழகுநருக்கு வேலை கொடுப்பவர் உதவித்தொகை தந்தே ஆக வேண்டும். 1973-ல் சேர்த்த 3ஏ பிரிவின்படி பட்டியல் சாதி, பழங்குடி இளைஞர்களுக்குப் பயிற்சி இடங்களை ஒதுக்கியும் ஆக வேண்டும். ஆக, பயிற்சியில் இடஒதுக்கீடு என்பது நாம் புதிதாகக் கண்டுபிடித்த கோரிக்கை இல்லை. ஃபிட்டருக்கு உண்டு, மருந்தாளுநருக்கு ஏன் இல்லை என்றுதான் கேட்கிறோம்.

2008-ல் ஃபார்ம்.டி என்ற ஆறு ஆண்டுப் படிப்பு வந்தது. கடைசி ஆண்டு முழுக்க மருத்துவமனையில்: பொது மருத்துவப் பிரிவில் ஆறு மாதம், வேறு மூன்று பிரிவுகளில் இரண்டிரண்டு மாதம். 'ரெசிடென்சி' என்ற சொல்லும் இத்துடன் வந்தது. அமெரிக்காவில் இதன் தொடக்கம் 1927, மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஹார்வி விட்னி தொடங்கிய பயிற்சி. இன்று அங்கே விண்ணப்பிப்பவர் மருத்துவமனைகளை வரிசைப்படுத்துகிறார், மருத்துவமனைகள் விண்ணப்பிப்பவர்களை வரிசைப்படுத்துகின்றன, ஒரு பொது அமைப்பு இரண்டையும் பொருத்துகிறது. சம்பளமும் உண்டு. அங்கே நிறவெறி ஒழிந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. குறைந்தபட்சம் கேள்வி கேட்க ஒரு பட்டியலாவது இருக்கிறது.

பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 500 மணி நேரம் என்றால் நாளுக்கு எட்டு மணி நேரமாக 62 நாளுக்கு மேல். அத்தனை நாளும் பஸ் கட்டணம், மதியச் சாப்பாடு. வீட்டில் பீடித் தட்டுக்கு ஒரு ஜோடிக் கை குறைவு. வருமானம் கிடையாது. பயிற்சிக்கே போகாமல் கையெழுத்து வாங்கித் தருகிறேன், இவ்வளவு கொடுங்கள் என்று ஒருவர் எங்களிடமே பேரம் பேசினார். காசுள்ள வீட்டுப் பிள்ளை அப்படி வாங்கிய சான்றும், நம் பிள்ளை 62 நாள் நின்று வாங்கிய சான்றும் ஒரே தாள்தான்.

அந்தத் தங்கைக்குக் கடைசியில் ஒரு மருந்துக் கடையில் இடம் கிடைத்தது. கடைக்காரர் எங்கள் தோழர் ஒருவரின் நண்பர். ஆக எங்களுக்கும் கைகொடுத்தது சிபாரிசுதான். அதை மறைத்து எழுத மனம் வரவில்லை. தெரிந்தவர் இல்லாத அடுத்த பெண்ணுக்கு என்ன செய்வது என்று படிப்பகத்தில் உட்கார்ந்து பேசினோம். தென்காசி மாவட்டத்தின் அரசு மருத்துவமனைகளில் கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை பேருக்குப் பயிற்சி இடம் தந்தார்கள், எந்த முறையில் தேர்ந்தெடுத்தார்கள், அவர்களில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் எத்தனை பேர் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்க மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். உங்கள் மாவட்டத்திலும் இதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய்தான்.

அவள் தினமும் இரவு வந்து நோட்டைக் காட்டுகிறாள். டாக்டர்களின் கையெழுத்து இப்போது ஓரளவு பிடிபடுகிறதாம். இன்றோடு 140 மணி நேரம் முடிந்திருக்கிறது.