தாமதமே தண்டனை: மைக்கேல் ஹனேகேயின் ‘காஷே’

குற்றவுணர்வைப் பேசும் திகில் படங்களில் மெதுநடையை, பதற்றத்தைக் கூட்டும் உத்தி என்றே விமர்சகர் பலரும் விளக்குகின்றனர். ஆஸ்திரிய இயக்குநர் மைக்கேல் ஹனேகே பிரெஞ்சில் எடுத்த ‘காஷே’ (2005) படத்துக்கு அவ்விளக்கம் போதாது. இதில் தாமதமே தண்டனை என்பது என் வாதம்.

பாரிஸ் தெரு ஒன்றில் ஒரு வீட்டின் முகப்பு. கேமரா அசைவதில்லை, அவ்வப்போது யாராவது கடந்து போகிறார்கள். நெடுநேரம் கழித்துத் திரையில் கோடுகள் ஓடும்போதுதான், நாம் பார்த்துக்கொண்டிருந்தது யாரோ எடுத்து அந்த வீட்டுக்கே அனுப்பிய வீடியோ நாடா என்று தெரிகிறது. படம் முழுவதும் டிஜிட்டல் வீடியோவில் எடுக்கப்பட்டதால் படம் எது, நாடா எது என்று பிரித்தறிய முடிவதில்லை. பின்னணி இசையும் கிடையாது. எங்கே அஞ்சுவது என்று தெரியாமல் ஒவ்வொரு சட்டகத்தையும் நாமே துழாவ வேண்டியிருக்கிறது.

வீட்டுக்காரர் ஜார்ஜ், தொலைக்காட்சியில் இலக்கிய நிகழ்ச்சி நடத்துபவர். அவருடைய பெற்றோரின் பண்ணையில் வேலைபார்த்த அல்ஜீரியத் தம்பதி, 1961 அக்டோபர் 17 அன்று பாரிஸ் ஊர்வலத்துக்குப் போய்த் திரும்பவில்லை. அல்ஜீரியர்மீது விதிக்கப்பட்ட ஊரடங்கை எதிர்த்துத் திரண்டவர்களை, மோரிஸ் பப்போன் தலைமையிலிருந்த காவல்துறை அன்று கொன்றது. சிலரைச் சேன் நதியில் வீசியது. அனாதையான அவர்கள் மகன் மஜீதை ஜார்ஜின் பெற்றோர் தத்தெடுக்க எண்ணினர். ஆறு வயது ஜார்ஜ் சொன்ன பொய் அவனை அனாதை இல்லத்துக்கு அனுப்பியது.

குழந்தையின் பொய்க்காக எவரையும் தண்டிக்க இயலாது. ஜார்ஜின் குற்றம் நடுவயதில் செய்வதுதான். ஓர் இரவு தன் மகன் வீடு திரும்பாதபோது அவர் போலீசோடு மஜீதின் வீட்டுக்குப் போகிறார். மஜீதும் அவர் மகனும் அன்றிரவு காவலில் வைக்கப்படுகின்றனர். ஜார்ஜின் மகனோ நண்பன் வீட்டில் இருந்திருக்கிறான். பெற்றோரைப் பறித்த அதே அதிகாரத்தை நாற்பதாண்டுகளுக்குப் பின் பிள்ளைமீதும் ஏவுகிறார் ஜார்ஜ். பழைய கடனைப் போலீஸ் புகாராக மாற்றிக்கொள்ளும் இவ்விடமே படத்தின் மையம் என்பேன்.

பின்னர் மஜீத் ஜார்ஜை வரவழைத்து, அவர் கண்ணெதிரே கழுத்தை அறுத்துக்கொள்கிறார். கேமரா எட்ட நின்று பார்க்கிறது. ரத்தம் சுவரில் தெறித்த பின்னும் காட்சி வெட்டப்படுவதில்லை. ஜார்ஜ் அங்கிருந்து சினிமா பார்க்கப் போகிறார்.

அல்ஜீரியரின் சாவு இங்கே வெள்ளையரின் மனச்சாட்சியைக் கிளறும் கருவியாகிவிடுகிறது என்ற பண்பாட்டு ஆய்வாளர் பால் கில்ராயின் ஆட்சேபம் வலுவானது. மஜீதின் உள்ளத்தைப் படம் நமக்குத் திறந்துகாட்டவில்லை என்பதை மறுக்க முடியாது. ஆனால் மஜீதின் மகன் ஜார்ஜின் அலுவலகத்துக்கு வரும் காட்சியை அந்த ஆட்சேபத்துக்குள் அடக்க முடியாது. அவன் மிரட்டவில்லை, ஈடு கேட்கவில்லை. ஓர் உயிரிழப்பை மனச்சாட்சியில் சுமக்கும் மனிதன் எப்படி உணர்வான் என்று அறிய விரும்புகிறான், ஜார்ஜைப் பார்த்து அறிந்ததும் போய்விடுகிறான். பழிவாங்கலுக்கு இப்படத்தில் கிடைக்கும் ஒரே வடிவம் அந்தப் பார்வைதான். ஜார்ஜ் மன்னிப்புக் கேட்பதில்லை. மாத்திரை விழுங்கி, திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்துவிடுகிறார்.

நாடாக்களை அனுப்பியவர் யார் என்று படம் சொல்வதில்லை. அதையே தேடும் விமர்சனம் ஜார்ஜின் கேள்வியைத் தன் கேள்வியாக்கிக்கொள்கிறது. பொறுப்பேற்பது யார் என்ற கேள்வி அப்போது விடுபடுகிறது. 1998இல் பப்போனுக்குத் தண்டனை கிடைத்தது, போர்தோவிலிருந்து யூதர்களை நாடுகடத்த உடந்தையாயிருந்ததற்கு. 1961 அக்டோபர் கொலைகளுக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.