குண்டுக்குப் பூசியது என்ன? வேலூர்த் தோலும் மீரட் கொழுப்பும்

சென்னையிலிருந்து பெங்களூருக்கு ஹைவேயில் போனவங்களுக்கு இந்த வாசனை தெரிஞ்சிருக்கும். ராணிப்பேட்டை தாண்டி வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வரைக்கும் சில இடங்களில் கார் கண்ணாடியை ஏத்திவிட வைக்கிற ஒரு வாசனை. டேனரி வாசனை. ஆம்பூர் பிரியாணி கடை வந்ததும் நாம அதை மறந்துடுவோம்.

இன்னைக்கு எபிசோட் ஒரு சின்னப் பொருளைப் பற்றி: துப்பாக்கிக் குண்டு குழலுக்குள் வழுக்கிப் போவதற்காக அதன் மேல் பூசுகிற மசகு. இதுக்கும் வேலூருக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. இருக்கு. இந்தச் சின்னப் பொருளால் 1857இல் வட இந்தியாவில் ஒரு பெரும் தீ பற்றியது. அந்தத் தீக்கு ஒரு முன்னறிவிப்பு, அரை நூற்றாண்டுக்கு முன்னாடியே வேலூர்க் கோட்டையில் வந்துவிட்டது. அங்கே பிரச்சினை கொழுப்பு இல்லை, தோல்.

முதலில் வேலூர். 1805 நவம்பரில் மெட்ராஸ் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிராடக் காலத்தில் புதிய சீருடை விதிகள் வருகின்றன. அணிவகுப்பில் நிற்கும்போது நெற்றியில் சாதி, மத அடையாளம் கூடாது. காதில் கடுக்கன் கூடாது. தாடி கூடாது. மீசையைக் கத்தரிக்க வேண்டும். தலையில் புது மாதிரித் தலைப்பாகை, அதில் தோலால் ஆன ஒரு குஞ்சம்.

சிப்பாய்கள் மத்தியில் உடனே பேச்சு கிளம்பியது. அது பசுத்தோலா, பன்றித்தோலா? இந்துவுக்கு ஒன்று ஆகாது, முஸ்லிமுக்கு மற்றது ஆகாது. இன்னொரு பயமும் இருந்தது. அந்தத் தலைப்பாகை பார்ப்பதற்கு வெள்ளைக்காரன் தொப்பி மாதிரியே இருந்தது. 'முதலில் தொப்பி, அடுத்து மதமா?' என்ற சந்தேகம்.

1806 மே மாதம் வேலூரில் ஒரு பட்டாளத்தின் சிப்பாய்கள் அதை அணிய மறுத்தார்கள். கம்பெனி அவர்களை உட்கார வைத்துப் பேசியதா? இல்லை. 2 பேருக்குத் தலா 900 கசையடி. மேலும் 19 பேருக்குத் தலா 500 என்று தீர்ப்பு. அவர்கள் மன்னிப்புக் கேட்டதால் அது நிறுத்தப்பட்டது.

இரண்டே மாதம். ஜூலை 10, விடியும் முன்பே, கோட்டைக்குள் இருந்த சிப்பாய்கள் எழுந்தார்கள். கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார். பிரிட்டிஷ் 69ஆம் ரெஜிமெண்டைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பலர் தூங்கிக்கொண்டிருந்த இடத்திலேயே. கோட்டைக்குள் சிறைவைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் குடும்பத்தை மையமாக வைத்து மைசூர்க் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து கர்னல் கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்தார். சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. அரண்மனைக்குள் ஒளிந்திருந்த சுமார் 100 சிப்பாய்களை வெளியே இழுத்து, சுவரோரமாக நிறுத்திச் சுட்டார்கள்.

வேலூர் எழுச்சிக்குத் தோல் மட்டும்தான் காரணம்னு சொன்னா அது பாதி உண்மை. திப்பு வீழ்ந்து ஏழு வருஷம்தான் ஆகியிருந்தது. அரசியல் கோபம் இருந்தது, சம்பளக் குறை இருந்தது. ஆனா எல்லாரையும் ஒரே புள்ளியில் சேர்த்தது அந்தத் தலைப்பாகை.

லண்டனுக்கும் அது புரிந்தது. புதிய விதிகள் வாபஸ். கிராடக்கையும், ஆளுநர் வில்லியம் பெண்டிங்கையும் 1807இல் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். சிப்பாயின் உடம்பில் படுகிற பொருளை அவனைக் கேட்காமல் மாற்றினால் என்ன ஆகும் என்ற பாடம், எழுத்தில், கோப்பில், இரண்டு பெரிய பதவிகளின் விலையில் பதிவானது.

இப்போ குண்டுக்கு வருவோம்.

அந்தக் காலத்து மஸ்கட் துப்பாக்கியின் குழல் உள்ளே வழவழப்பாக இருக்கும். குண்டு குழலைவிடக் கொஞ்சம் சின்னது. மேலிருந்து போட்டால் கிட்டத்தட்ட உருண்டு இறங்கிவிடும். சுடுவது சுலபம், குறி பிசகும். ரைஃபிளில் குழலுக்குள் சுற்றிச் சுற்றிப் போகும் புரிகள் உண்டு. குண்டு அந்தப் புரிகளைப் பிடித்துக்கொண்டு சுழன்று வெளியே வரும். அதனால் நேராகப் போகும். ஆனால் பிடிக்க வேண்டுமென்றால் இறுக்கமாக இருக்க வேண்டும். போதாததுக்கு, கருமருந்து எரிந்ததும் குழலுக்குள் கெட்டியான கரி படிந்துவிடும். சில முறை சுட்ட பிறகு அடுத்த குண்டை உள்ளே தள்ளுவதே போராட்டம். அதனால்தான் மசகு. அது கரியை இளக்கும், குண்டை வழுக்கிப் போக வைக்கும்.

பிரிட்டன் 1853இல் ஏற்றுக்கொண்ட என்ஃபீல்டு ரைஃபிளின் குழல் விட்டம் 0.577 அங்குலம். தோட்டா என்பது ஒரு காகிதப் பொட்டலம். ஒரு பக்கம் மருந்து, மறுபக்கம் குண்டு. குண்டு இருக்கும் பக்கத்துக் காகிதத்தின் மேல் கொழுப்பும் மெழுகும் கலந்த பூச்சு. சிப்பாய் மருந்து முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, பொட்டலத்தைத் திருப்பி, பூச்சு இருக்கும் முனையை உள்ளே தள்ள வேண்டும்.

கவனிச்சீங்களா? கடிக்கிற முனை வேறு, கொழுப்பு இருக்கிற முனை வேறு. பேப்பரில் பார்த்தால் பிரச்சினையே இல்லை. ஆனா கையில் இருப்பது ஒரே பொட்டலம். அந்தக் கையும் அந்த வாயும் ஒரே ஆளுடையது.

1853இலேயே மாதிரித் தோட்டாக்கள் இந்தியாவுக்கு வந்தன. எதற்கு? இந்த வெயிலில் கொழுப்பு உருகுமா என்று பார்க்க. வங்காளப் படையின் கர்னல் டக்கர் அப்போதே எச்சரித்தார்: கொழுப்பு எதிலிருந்து எடுத்தது என்று உறுதி செய்யாமல் இதைச் சிப்பாய்கள் கையில் கொடுக்காதீர்கள். அந்தக் கடிதம் எங்கோ கோப்பில் தங்கிவிட்டது. சோதனை முடிந்து தோட்டாக்கள் திரும்பிப் போயின. உருகுநிலையைப் பற்றிக் கேட்டார்கள். வேலூரில் கற்றதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

1857 ஜனவரி, கல்கத்தா அருகே டம்டம். புதுத் தோட்டா தயாரிக்கும் இடத்தில் வேலை செய்த ஒரு கலாசி, பிராமணச் சிப்பாய் ஒருவரிடம் அவருடைய சொம்பிலிருந்து தண்ணீர் கேட்டதாக அன்றைய ராணுவ அறிக்கை சொல்கிறது. சிப்பாய் மறுத்தார், காரணம் கலாசியின் சாதி. கலாசி சொன்னதன் சாரம் இதுதான்: உன் சாதி இன்னும் எத்தனை நாளைக்கு? பசுவும் பன்றியும் கலந்த கொழுப்பைத்தான் நீ கடிக்கப் போகிறாய்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கணும். சிப்பாயின் அச்சம் உண்மையானது. அந்த அச்சத்துக்குள் சாதியும் இருந்தது. தண்ணீர் கொடுக்க மறுத்த கையும் அதே கைதான். ஆனால் தோட்டாவில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருந்தது யாருக்கு? சிப்பாய்க்குத் தெரியாது. மேலதிகாரிகள் விசாரிக்கவே இல்லை. ஆட்சேபத்துக்குரிய கொழுப்பு சேராமல் இருக்கத் தனிக் கவனம் எதுவும் எடுக்கவில்லை என்பதை ராணுவ அதிகாரிகளே பிறகு ஒப்புக்கொண்டார்கள். பேசியது, அந்த வேலையைக் கையால் செய்த இடத்திலிருந்து வந்த ஒரு தொழிலாளி.

பிறகு அரசு அவசரமாக இறங்கி வந்தது. பூச்சு இல்லாத தோட்டா தருகிறோம், உங்களுக்குப் பிடித்த மெழுகையும் எண்ணெயையும் நீங்களே பூசிக்கொள்ளுங்கள். கடிக்க வேண்டாம், கையால் கிழியுங்கள். எல்லாம் நியாயமான திருத்தம்தான். ஆனால் நம்பிக்கை போய்விட்டது. காகிதம் பளபளவென்று இருந்தாலே அதில் கொழுப்பு என்று சந்தேகம். ஏப்ரல் 24, மீரட்டில் 90 பேரில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். அது கொழுப்புப் பூசாத பழைய வகைத் தோட்டா. மே 9 அன்று அணிவகுப்பு மைதானத்தில் அவர்களுக்கு விலங்கு பூட்டினார்கள். மே 10 அன்று மீரட் எழுந்தது.

1806இல் கசையடி, பிறகு கலகம், பிறகு வாபஸ். 1857இலும் முதலில் தண்டனைதான் நினைவுக்கு வந்தது.

அப்புறம் அந்த மசகு என்ன ஆச்சு? கலகத்துக்குப் பிறகு என்ஃபீல்டு குண்டின் விட்டத்தைக் குறைத்து, கொழுப்பை விட்டுவிட்டுத் தேன்மெழுகுக்கு மாறினார்கள். அது மதத்துக்காக மட்டும் இல்லை. சூட்டில் கொழுப்பு நிற்காது, மெழுகு நிற்கும். அதாவது கொழுப்பு இல்லாமலும் ரைஃபிள் சுடும்!

இன்றைய குண்டுகளில் பெரும்பாலும் செம்பு உறை. வேகமாகப் போகும்போது செம்பு குழலில் ஒட்டும். அதற்காக 1990களில் அமெரிக்கக் குறிபார்ப்புப் போட்டியாளர்கள் உலர் மசகைப் பிரபலமாக்கினார்கள். மாலிப்டினம் டைசல்பைடு என்ற கருந்தூள். சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கடுக்கான படிகம், ஒரு அடுக்கு இன்னொன்றின் மேல் சறுக்கும். பிறகு போரான் நைட்ரைடு என்ற வெள்ளைத்தூள் வந்தது. எதிலும் எந்த விலங்கும் இல்லை. இன்றைய விவாதம் எல்லாம் குழலைச் சுத்தம் செய்வது பற்றித்தான்.

திரும்ப நம்ம ஹைவேக்கு வருவோம். தோலுக்கும் மசகு வேண்டும். பதனிட்ட தோல் காயும்போது அதன் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்துவிடும். அதனால் எண்ணெய் ஏற்றுவார்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட பழைய முறையில் புங்க எண்ணெய் தேய்த்தார்கள். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவத்தின் பூட்ஸுக்கு மெட்ராஸ் மாகாணத்துத் தோல் கப்பல் கப்பலாகப் போனது. இன்னைக்கு ஆம்பூர் ஷூ உலகம் முழுக்கப் போகிறது.

பிஸ்கட் பாக்கெட்டில் பச்சைப் புள்ளியைத் தேடுகிற ஊர் நம்மது. உள்ளே என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கிற உரிமையை நாம சாதாரணமா எடுத்துக்குறோம். அது தெரியாததால் வேலூரிலும் மீரட்டிலும் எத்தனை பேர் செத்தார்கள் என்பது ஒரு பக்கம். உள்ளே என்ன இருக்குன்னு முதலில் தெரிவது எப்பவும் அதைக் கையால் தொட்டு வேலை செய்கிறவருக்குத்தான் என்பது இன்னொரு பக்கம். டம்டமில் அந்தக் கலாசி கேட்டது ஒரு வாய் தண்ணீர். அவர் பெயரைக்கூட அந்த அறிக்கை எழுதி வைக்கவில்லை.

அடுத்த முறை வேலூர் போனால் கோட்டை பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. வெளியே வந்ததும் உங்க ஷூவையும் ஒரு தடவை குனிஞ்சு பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.