ஓடுகிறவன் தண்ணீர் குடிக்கலாமா?

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த சங்கத்து நண்பர்கள், "பழைய நினைவுகளை எழுதுங்க சார்" என்றார்கள். விடுதிச் சாம்பாரைப் பற்றியும் வகுப்பறைக் குறும்புகளைப் பற்றியும் என்னைவிட நன்றாக எழுத நம்மில் நிறைய பேர் இருக்கிறார்கள். நான் கல்லூரியில் கிராஸ் கன்ட்ரி ஓடியவன். ஆகவே ஓட்டத்தைப் பற்றியே எழுதுகிறேன். அதிலும் ஒரே ஒரு கேள்வி. ஓடுகிறவன் வழியில் தண்ணீர் குடிக்கலாமா, கூடாதா?

சிரிக்காதீர்கள். இந்தக் கேள்விக்கு விடை தேடி உலகம் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் திண்டாடியிருக்கிறது. இதில் உயிர்களும் போயிருக்கின்றன.

எங்கள் காலத்தில், அதாவது 1980-களின் தொடக்கத்தில், விடை ஒன்றுதான்: கூடாது. "ஓடறப்ப தண்ணி குடிச்சா வயித்தப் புடிச்சிக்கும்டா, வாயக் கொப்புளிச்சித் துப்பிட்டு ஓடு" என்பார்கள். யார் சொன்னது என்று கேட்காதீர்கள், எல்லோரும்தான் சொன்னார்கள். விடுமுறையில் ஊருக்கு வந்தால் கச்சிராயபாளையம் சாலையில்தான் எனக்குப் பயிற்சி. கோமுகி அணைப் பக்கம் போய்விட்டால் கல்வராயன் மலை எதிரே நிற்கும், சாலையும் ஏற ஆரம்பித்துவிடும். சாமையும் கடுக்காயும் தலைச்சுமையாகக் கொண்டு மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களைப் பார்ப்பேன். ஓடை கண்ட இடத்தில் சுமையை இறக்குவார்கள், வேண்டிய மட்டும் இரண்டு கை அள்ளிக் குடிப்பார்கள், மறுபடி சுமையைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார்கள். "வயித்தப் புடிச்சிக்கும்" என்று அவர்களிடம் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1896-ல் ஏதென்ஸ் நகரில் நடந்த முதல் ஒலிம்பிக் மாரத்தானில் வென்ற ஸ்பிரிடன் லூயிஸ் என்ற கிரேக்க இளைஞருக்குத் தொழிலே தண்ணீர் சுமந்து விற்பதுதான். அப்போது தூரம் சுமார் 40 கிலோமீட்டர். இன்று நாம் சொல்லும் 42.195 கிலோமீட்டர் 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வந்தது. விண்ட்சர் அரண்மனையில் தொடங்கி, மைதானத்தில் அரச குடும்பம் அமர்ந்திருந்த மேடைக்கு எதிரே முடிக்க வேண்டும் என்று வைத்த கணக்கு அது. ராஜா வீட்டு வசதிக்காக வைத்த அளவை 1921-ல் உலகத்துக்கே சட்டமாக்கிவிட்டார்கள்!

தண்ணீர் வழக்கில் மிக மோசமான அத்தியாயம் 1904, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக். ஆகஸ்ட் மாத வெயில் 32 டிகிரியைத் தொட்டது. மண் சாலை வேறு. முன்னால் போன கார்கள் கிளப்பிய புழுதி முழுக்க ஓடுகிறவர்களின் நெஞ்சுக்குள் போனது. தண்ணீர் கிடைத்ததோ வழியில் ஓரிரு இடங்களில் மட்டும். இது ஏற்பாட்டுக் குறைபாடு என்று நினைத்துவிட வேண்டாம். தண்ணீர் இல்லாமல் மனித உடம்பு எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்க, போட்டிப் பொறுப்பாளர் ஜேம்ஸ் சல்லிவன் வேண்டுமென்றே செய்த சோதனை. 32 பேர் ஓடத் தொடங்கி 14 பேர்தான் முடித்தார்கள். வென்ற தாமஸ் ஹிக்ஸ் தண்ணீர் கேட்டபோது அவருடைய ஆட்கள் மறுத்துவிட்டார்கள். வாயை மட்டும் நனைத்துவிட்டு, முட்டை வெள்ளைக்கருவில் ஸ்டிரைக்னின் கலந்து கொடுத்தார்கள், பிறகு பிராந்தியும் ஊற்றினார்கள். ஸ்டிரைக்னின் என்பது எட்டிக்கொட்டையில் இருக்கிற விஷம். எட்டியைப் பற்றி நம் பக்கத்து ஆடு மேய்க்கிற பையனுக்குக்கூடத் தெரியும்!

அதே பந்தயத்தில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த லென் தவுன்யானே, யான் மாஷியானி என்ற இரு கறுப்பின இளைஞர்களும் ஓடினார்கள். போர்க்காலத்தில் செய்தி கொண்டு ஓடியவர்கள் என்று அவர்களைச் சொல்வதுண்டு. தவுன்யானேயை நாய் துரத்தி வழியை விட்டே விலக வைத்தும் ஒன்பதாவதாக வந்து சேர்ந்தார். நம் நாட்டிலும் ரயில் வருவதற்கு முன் தபால் இப்படித்தான் போயிற்று. சலங்கை கட்டிய ஈட்டியோடு ஒருவர் ஓடி, அடுத்தவரிடம் பையைக் கொடுப்பார். நெடுந்தூர ஓட்டம் வெள்ளைக்காரன் நமக்குக் கற்றுக்கொடுத்ததல்ல. பதக்கமும் கடிகாரமும் மட்டும்தான் அவன் கொண்டுவந்தவை.

1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் போர்ச்சுகல் நாட்டு பிரான்சிஸ்கோ லாசரோ வெயிலில் சுருண்டு விழுந்து மறுநாள் இறந்தார். வயது 21. வெயில் தாக்காமலிருக்க உடம்பெல்லாம் கொழுப்பைப் பூசிக்கொண்டார், அதனால் வியர்வை வெளியேற வழியில்லாமல் போயிற்று என்கிறார்கள். அதே பந்தயத்தில் ஜப்பானின் ஷிசோ கனகுரி மயங்கும் நிலையில் ஒரு வீட்டுத் தோட்டத்துக்குள் போய், அவர்கள் கொடுத்ததைக் குடித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் ஊர் திரும்பிவிட்டார். 1967-ல் அவரைத் தேடிப்பிடித்து அழைத்து வந்து பந்தயத்தை முடிக்கவைத்தார்கள். எடுத்துக்கொண்ட நேரம் 54 ஆண்டுகளுக்கு மேல்!

நம்மவர்கள் ஒலிம்பிக் மாரத்தானுக்குப் போனது 1920-ல். புனாவில் நடந்த ஒரு விளையாட்டு விழாவில் வெறுங்காலோடு ஓடிய விவசாயிகளைப் பார்த்து வியந்த தோராப்ஜி டாடாவின் முயற்சியால் ஒரு சிறு அணி ஆண்ட்வெர்ப் போயிற்று. பெல்காம் பக்கத்து படேப்பா சௌகுலே மாரத்தானில் 19-வதாக வந்தார். நேரம் 2 மணி 50 நிமிடம் 45 நொடி. அந்தப் பாதை வழக்கமான தூரத்தைவிட அரை கிலோமீட்டர் அதிகம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பிறகு பீகாரின் சிவநாத் சிங். 1976 மாண்ட்ரீலில் 11-ம் இடம் பிடித்தார். 1978-ல் ஜலந்தரில் அவர் ஓடிய 2 மணி 12 நிமிடத்தை அடுத்த நாற்பது ஆண்டுகளில் எந்த இந்தியராலும் தாண்ட முடியவில்லை. அவரும் வெறுங்கால் ஓட்டத்துக்குப் பேர் போனவர்தான்.

இத்தனைக்கும் நடுவே அந்தத் தண்ணீர் விதி அப்படியே இருந்தது. 1953-ம் ஆண்டின் உலகத் தடகள விதிப்புத்தகம், 15 கிலோமீட்டர் தாண்டிய பிறகுதான் பானம் தரவேண்டும் என்றது. எங்களுக்குச் சொன்ன "கொப்புளிச்சித் துப்பு" எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதல்லவா?

அதற்கப்புறம் தராசு மறுபக்கம் சாய்ந்தது. 1965-ல் புளோரிடா பல்கலைக்கழகத்தில் உப்பும் சர்க்கரையும் கலந்த விளையாட்டுப் பானம் பிறந்தது, பின்னால் பெரிய வியாபாரமும் ஆயிற்று. 1996-ல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி, வயிறு தாங்குகிற அளவுக்குக் குடியுங்கள் என்றே எழுதிவிட்டது. தாகம் எடுக்கிற வரை காத்திருக்காதே என்பது புது வேதமாயிற்று.

இதைத் தட்டிக் கேட்டவர் தென்னாப்பிரிக்க மருத்துவர் டிம் நோக்ஸ். அங்கே டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே 1921 முதல் ஓடப்படும் 'காம்ரேட்ஸ்' ஓட்டம் சுமார் 90 கிலோமீட்டர். (இந்த நேட்டால் நமக்கு அந்நிய மண்ணல்ல. 1860 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய தமிழர்கள் கரும்பு வெட்டப் போன இடம். அப்போது கள்ளக்குறிச்சி தென்னாற்காடு ஜில்லா, அந்த ஜில்லாவிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. 2019-ல்தான் நாம் தனி மாவட்டமானோம்.) அந்த ஓட்டத்தில் மயங்கி விழுந்த சிலருக்குத் தண்ணீர்ப் பஞ்சமே இல்லை, உடம்பில் தண்ணீர் மிதமிஞ்சி இருந்தது என்று நோக்ஸும் அவர் தோழர்களும் 1985-ல் எழுதினார்கள். அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் மூளை வீங்குகிறது. 2002 பாஸ்டன் மாரத்தானில் 28 வயதுப் பெண் ஒருவர் இப்படித்தான் இறந்தார். அதே பந்தயத்தில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது என 2005-ல் முடிவு வெளியாயிற்று.

அப்படியானால் குறைத்துக் குடிப்பதே பத்திரமா? அதுவுமில்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் நம் வயநாட்டு ஓ.பி. ஜெய்ஷா 2 மணி 47 நிமிடத்தில் ஓடி முடித்து மயங்கி விழுந்தார். இந்தியாவுக்கான மேசைகளில் பானம் தர ஆளே இல்லை என்றார் அவர். சிறப்புப் பானம் வேண்டாமென்று அவர்கள்தான் சொன்னார்கள் என்றது தடகள சம்மேளனம். யார் சொன்னது சரியோ, முந்தைய ஆண்டு பெய்ஜிங்கில் அவரே 2 மணி 34 நிமிடத்தில் ஓடியவர் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இன்றைய மருத்துவம் சொல்லும் விடை, கச்சிராயபாளையம் சாலையில் நான் பார்த்த விடைதான். தாகம் எடுத்தால் குடி, தீர்ந்தால் நிறுத்து.

இப்போது ஓடுகிற தம்பி தங்கைகளுக்காக ஒன்றிரண்டு வார்த்தை. பனியனுக்கும் மெடலுக்கும் ஆசைப்பட்டு, பயிற்சியே இல்லாமல் 21 கிலோமீட்டருக்குப் பேர் கொடுக்கிறீர்கள், கேட்டால் "பாத்துக்கலாம் சார்" என்கிறீர்கள். வெயிலுக்கு உடம்பு பழகவே பத்திலிருந்து பதினான்கு நாள் வேண்டும். வாரம் ஒரு நீண்ட ஓட்டம், அதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். ஓடுமுன்னும் ஓடிய பின்னும் எடை பாருங்கள். எடை குறைந்திருந்தால் இயல்பு, ஏறியிருந்தால் நீங்கள் குடித்தது அதிகம். உப்புப் போட்ட மோர், நீராகாரம் எல்லாம் நல்லவைதான். ஆனால் உப்பு இருக்கிறதே என்று சொம்பு சொம்பாகக் குடித்தால் அதுவும் காப்பாற்றாது.

பந்தயம் நடத்துகிறவர்களுக்கும் சொல்கிறேன். உடம்பு கொதித்து, பேச்சுக் குழறி ஒருவர் விழுந்தால், முதலில் அந்த இடத்திலேயே நிழலில் போட்டு ஐஸ் தண்ணீரை ஊற்றிக் குளிர வையுங்கள், ஆம்புலன்ஸ் அதற்குப் பிறகு. விரல்கள் வீங்கி, வாந்தியும் தலைவலியுமாகத் தடுமாறுகிறவருக்கு "இன்னும் கொஞ்சம் தண்ணி குடிப்பா" என்று வாயில் ஊற்றாதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மலைச்சாலையில் பந்தயம் வைத்தால் தண்ணீர் மேசையை ஏற்றம் முடிகிற இடத்தில் போடுங்கள். ஏறும்போது மூச்சு வாங்குகிறவன் கையில் தம்ளரைக் கொடுத்தால் பாதி சட்டையில்தான் கொட்டும்.