கஞ்சி ஊற்றிய சட்டமும் பங்கு கொடுத்த சட்டமும்

மகன் உயில் எழுதாமல் இறந்துவிடுகிறார். தாய் உயிரோடு இருக்கிறார், ஆனால் புத்தி சுவாதீனம் இல்லை. அவருக்குச் சொத்தில் பங்கு உண்டா? இன்றைக்கு "உண்டு" என்பதுதான் பதில். 1928க்கு முன்னால் பதில் வேறு! (இங்கே பேசப்படுவது இந்து சட்டம் மட்டும். மற்ற மதத்தினருக்கு விதிகள் வேறு.)

சென்னை மாகாணத்தில் நடைமுறையில் இருந்தது மிதாக்ஷரா முறை. அதில் தாயின் முறை வருவதே கஷ்டம். மகன், பேரன், கொள்ளுப்பேரன், மனைவி, மகள், மகள் வயிற்றுப் பேரன் என்று யாருமே இல்லாவிட்டால்தான் தாய். அப்படி முறை வந்தாலும், அந்த நேரத்தில் புத்தி பேதலித்திருந்தால் பங்கு கிடையாது. பிறவியிலேயே பார்வையற்றவர், காது கேளாதவர் எல்லோருக்கும் இதே கதிதான். மனுஸ்மிருதியே இப்படித்தான் ஒதுக்குகிறது. ஆனால் ஒதுக்கிய கையோடு, சொத்தை எடுத்துக்கொள்பவர் அவர்களுக்கு ஆயுள் முழுக்கச் சோறும் துணியும் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதாவது பங்கு இல்லை, கஞ்சி உண்டு.

1928ல் வந்த சட்டம் இந்தத் தடையைப் பெரும்பாலும் நீக்கியது. பிறவியிலிருந்தே புத்தி சுவாதீனம் இல்லாதவர்களுக்கு மட்டும் தடை நீடித்தது. வங்காளத்தின் தாயபாக முறையை இந்தச் சட்டம் தொடவில்லை. 1956ன் இந்து வாரிசுரிமைச் சட்டம் மிச்சத்தையும் துடைத்துவிட்டது. நோய், குறைபாடு, ஊனம் எதுவும் வாரிசுரிமைக்குத் தடையில்லை என்கிறது அதன் 28ஆம் பிரிவு. தாயும் முதல் வகுப்பு வாரிசானார். ஒருவர் சுயமாகச் சம்பாதித்த 12 லட்சத்தை விட்டுப்போனால், மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என்று நால்வருக்கும் தலா 3 லட்சம். (தகப்பன் இரண்டாம் வகுப்பு, பாவம்! இவர்களில் ஒருவர் இருந்தாலும் அவருக்கு ஒன்றுமில்லை.)

சரி, பங்கு வந்தது. கையெழுத்து யார் போடுவது? 1872ன் ஒப்பந்தச் சட்டப்படி சுயநினைவில்லாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. பி.காம் படிக்கிற எல்லோருக்கும் தெரிந்த பாடம்தான் இது. விடுதலைப் பத்திரத்தில் பாட்டியின் கைரேகையை வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது ஆபத்து. மைனர் பிள்ளைக்குத் தகப்பனோ தாயோ இயற்கைக் காப்பாளர். தாய்க்குப் பிள்ளை அப்படி ஆக முடியாது.

இதற்கு ஒரு வழி இருந்தது. 1858 முதல் 1912 சட்டம், 1987ன் மனநலச் சட்டம் வரை, மாவட்ட நீதிமன்றம் விசாரித்து, சொத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமிக்கலாம். 2018ல் நடைமுறைக்கு வந்த புதிய மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் உரிமைகளை நன்றாகவே பேசுகிறது, ஆனால் இந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டது. 2016ன் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இருப்பது வரையறுக்கப்பட்ட காப்பாளர் முறை மட்டுமே. அதனால் குடும்பங்கள் 226ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றம் வரை போகவேண்டியிருக்கிறது. 2019ல் கேரள உயர் நீதிமன்றம் கோமாவில் இருப்பவர்களுக்குக் காப்பாளர் நியமிக்க நெறிமுறைகளே வகுத்தது.

அதுவரை தாயின் 3 லட்சம் அவர் பெயரிலேயே கிடக்கும், அவருடைய மருந்துச் செலவுக்குக்கூட எடுக்க முடியாமல். அவரும் உயில் இல்லாமல் இறந்தால் அது அவர் கணவருக்கும், மற்ற பிள்ளைகளுக்கும், இறந்த மகனின் பிள்ளைகளுக்கும் போகும். கூட இருந்து பார்த்துக்கொண்ட மருமகளுக்கு அதில் ஒரு பைசா கிடையாது.