கணையத்துக் கசிவு



ஆட்டுக்கறி முற்றலாக இருந்தால் நம் தாய்மார் இரண்டு துண்டு பப்பாளிக்காயைச் சேர்த்து வேக வைப்பார்கள். கறி பஞ்சு போல் ஆகிவிடும். இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் கணையம் சுரக்கும் நீரும் அப்படித்தான். குடலுக்குள் போனால் உணவைச் செரிக்க வைக்கும். வெளியே கசிந்தாலோ நம் உடம்பையே கரைக்கத் தொடங்கும். கணைய அறுவையின் வரலாறு பெரும்பாலும் இந்தக் கசிவோடு மருத்துவர்கள் நடத்திய போராட்டம்தான்.

கணையத்தின் தலைப்பக்கம் புற்று வளர்ந்தால் பித்தக் குழாய் அடைபட்டு மஞ்சள் காமாலை வரும். அந்தப் பகுதியை வெட்டி எடுத்து, மிச்சத்தைக் குடலோடு தைக்க வேண்டும். 1909-இல் பெர்லினில் வால்தர் கவுஷ் என்பவர் இதை இரண்டு கட்டமாகச் செய்து வெற்றி கண்டார். 1935-இல் நியூயார்க்கில் ஆலன் விப்பிள் இம்முறையை உலகறியச் செய்தார். அவருடைய முதல் நோயாளி பிழைக்கவில்லை. தையலுக்குப் பயன்பட்ட நூல் விலங்கின் குடலில் திரித்தது. கணைய நீர் அதையே செரித்துவிட்டது! பிறகு பட்டு நூலுக்கு மாறினார்கள். காமாலைக்காரர்களுக்கு இரத்தம் உறையாத தொல்லையும் இருந்தது. அதற்கு வைட்டமின் கே வழி காட்டியது.

ஆயினும் 1970-களில்கூடப் பல இடங்களில் நூற்றுக்கு இருபது பேருக்கு மேல் மாண்டனர். இந்த அறுவையே வேண்டாம் என்று சொன்ன மருத்துவர்களும் உண்டு. இன்று, இதை அடிக்கடி செய்யும் மருத்துவமனைகளில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகவே இறக்கிறார்கள். கசிவு நின்றுவிட்டதா என்றால், இல்லை. அதைக் கண்டுபிடிக்கும் வேகம்தான் கூடியிருக்கிறது.

ஹாலந்து நாட்டில் 2018, 2019-ஆம் ஆண்டுகளில் 17 மருத்துவமனைகள் சேர்ந்து இதைச் சோதித்தன. அறுவை முடிந்த மூன்றாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை, தினமும் காய்ச்சல், இரத்தப் பரிசோதனை, வடிகுழாய் நீர் ஆகியவற்றை ஒரே விதிப்படி பார்த்தார்கள். ஐயம் எழுந்தால் உடனே ஸ்கேன். சீழ் தேங்கியிருந்தால் மறுபடியும் வயிற்றைத் திறக்காமல், வெளியிலிருந்தே மெல்லிய குழாய் செருகி வடித்தார்கள். மொத்தம் 1,748 நோயாளிகள். பழைய முறையில் 885 பேரில் 44 பேர் இறந்தனர். புதிய முறையில் 863 பேரில் 23 பேர். புது மருந்து எதுவும் இல்லை; பார்த்த விதம்தான் வேறு.

காலைப் பெரட்டுக்கு வராதவரைத் தேடி லயத்துக்கே வந்த தோட்டத்து டிரசரைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். (வேலைக்கு விரட்டத்தான் வந்தார் என்பாரும் உண்டு.) நோயைத் தேடிப் போகும் அந்தப் பழக்கம்தான் இங்கேயும் வேண்டியிருக்கிறது.

ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையானாலும் சிலாயாங்கானாலும், கட்டிலருகே நெடுநேரம் இருப்பது குடும்பத்தார்தாம். மங்கில் விழும் பாலைப் பார்த்தே மரத்தின் நிலையைச் சொன்னவர்கள் நாம். வடிகுழாய் நீர் கலங்கினாலும், நோயாளிக்குக் குளிர் எடுத்தாலும், நெஞ்சு படபடத்தாலும், உண்டது தங்காமல் வாந்தி வந்தாலும் தாதியிடம் சொல்லுங்கள். குழாயில் சிறிது இரத்தம் தென்பட்டுத் தானே நின்றுவிடுவதும் உண்டு. நின்றுவிட்டதே என்று இருந்துவிடாதீர்கள். சில மணி நேரத்திலோ சில நாளிலோ வரப்போகும் பெரும் இரத்தப்போக்கிற்கு அது முன்னறிவிப்பாக இருக்கக்கூடும். வீடு திரும்பிய பிறகு கருமலம் போனாலோ இரத்த வாந்தி எடுத்தாலோ, மறுநாள் கிளினிக் வரை பொறுக்காமல் அன்றிரவே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அறுவை நடந்த தேதி எழுதிய தாளையும் கையோடு கொண்டு போங்கள்.